அடைப்புக் காமாலையும் பித்த நாளப் புற்றும்
கோலார் தங்கவயல் வட்டாரக் களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் ஒரு பாடம்

மனிதனின் கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்த நீரைச் சுரக்கின்றது. அந்நீர் மெல்லிய குழாய்களின் வழியே சென்று குடலை அடைகின்றது. அக்குழாய்களுள் பெரியதும் ஒரு பென்சிலின் பருமனே உடையது. அதில் அடைப்பு ஏற்பட்டால் சில நாட்களிலேயே கண்கள் மஞ்சள் நிறம் அடைகின்றன. அடைப்பிற்குக் காரணம் ஒரு சிறு கல்லாக இருக்கலாம். பழைய அழற்சியின் வடுவாக இருக்கலாம். அரிதாக, குழாயின் உட்சுவரில் தோன்றிய புற்றாகவும் இருக்கலாம். இவ்வரிய புற்றினை அறியும் முறைகளும், அதற்குரிய சிகிச்சைகளும், கோலார் தங்கவயல் வட்டாரத்தில் இதன்பொருட்டுத் தனியாகக் கவனிக்க வேண்டியவையும் இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

தங்கவயலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1880 ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய பெருஞ் சுரங்க வேலை 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் முடிவுற்றது. அவ்வேலைக்கென வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பது வயதினராக இருந்த ஒரு தொழிலாளி 2021 இல் அறுபது வயதை எய்தினார். பித்த நாளப் புற்று பெரும்பாலும் தோன்றுவது அறுபதை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள வயதிலேயே ஆகும். எனவே சுரங்கத்தில் உழைத்த கடைசித் தலைமுறையினர் இந்நோய் தோன்றக்கூடிய வயதில் இப்போது இருக்கின்றனர். அவர்களுக்கு இந்நோய் பிறரைவிட மிகுதியாக வருகின்றது என்பது இதன் பொருளன்று. ஆனால் நோய் வருமாயின், அவர்களுடைய நுரையீரல் தாங்கி நிற்கும் பழைய தழும்புகள் மருத்துவரின் முடிவைத் திசை திருப்பக்கூடும். அதனைப் பின்னர்க் காண்போம்.

பித்த நீரின் பாதை

இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்ந்து பின்னர் அழிகின்றன. அழிந்த அணுக்களின் நிறப் பொருளிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சட் பொருள் உண்டாகின்றது. கல்லீரல் இதனை நீரில் கரையத்தக்கதாக மாற்றிப் பித்த நீரோடு வெளியேற்றுகின்றது. குடலை அடைந்த பிலிருபின் அங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றம் பெற்று மலத்திற்குப் பழுப்பு நிறத்தைத் தருகின்றது.

கல்லீரலுக்குள் மரத்தின் நுண்கிளைகளைப் போலப் பரவியுள்ள பித்தக் குழாய்கள் ஒன்றுசேர்ந்து, வலம் இடம் என்னும் இரு நாளங்களாகின்றன. கல்லீரலின் வாயிலில் அவை இரண்டும் கூடி ஒரே நாளமாகக் கீழிறங்குகின்றன. வழியில் பித்தப்பையின் குழாய் வந்து சேருகின்றது. அதன்பின் அது பொதுப் பித்த நாளம் எனப் பெயர் பெற்று, கணையத்தின் தலைப் பகுதியை ஊடுருவி, முன்சிறுகுடலில் திறக்கின்றது. இந்நாளங்களை ஓர் ஆற்றின் துணையாறுகளுக்கு ஒப்பிடலாம். எவ்விடத்தில் அணை விழுகின்றதோ அதற்கு மேற்பட்ட பகுதி மட்டுமே வீங்கும், கீழ்ப்பகுதி வறண்டிருக்கும். இந்த ஒரு விதியைக் கொண்டே நோய் எவ்விடத்தில் உள்ளது என்பதைப் பெரிதும் ஊகிக்கலாம்.

மூவகை இடங்கள்

பித்த நாளப் புற்று தோன்றும் இடத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கப்படுகின்றது.

முதலாவது வகை, கல்லீரலுக்குள் உள்ள சிறு குழாய்களில் தோன்றுவது. இதில் காமாலை தொடக்கத்தில் வருவதில்லை. கல்லீரலின் ஒரு பகுதி அடைபட்டாலும் எஞ்சிய பகுதி அதன் வேலையை ஏற்றுக்கொள்கின்றது. வலப்புற மேல்வயிற்றில் மந்தமான வலி, உடல் மெலிவு ஆகியவையே அறிகுறிகள். பலருக்கு வேறு காரணத்திற்காக எடுத்த ஸ்கேனில் இது தற்செயலாகப் புலப்படுகின்றது.

இரண்டாவது வகை, வலம் இடம் நாளங்கள் கூடும் கல்லீரல் வாயிலில் தோன்றுவது. பித்த நாளப் புற்றுகளுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வகையினவே. 1965 இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் இத்தகைய 13 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியமையால் இது கிளாட்ஸ்கின் கட்டி என்றும் வழங்குகின்றது. கட்டி சிறிதாயினும் அது அமர்ந்துள்ள இடம் நாற்சந்தி போன்றது. கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் அதனை ஒட்டியே ஓடுகின்றன.

மூன்றாவது வகை, பொதுப் பித்த நாளத்தின் கீழ்ப்பகுதியில் தோன்றுவது. இதில் அடைப்பிற்கு மேலுள்ள நாளமும் பித்தப்பையும் ஒருங்கே விரிகின்றன. வலியில்லாத காமாலையோடு வலப்புற விலாவின் கீழ்ப் பித்தப்பை கைக்குத் தட்டுப்படுமாயின், அதற்குக் காரணம் கல்லாக இருப்பது அரிது என்று சுவிட்சர்லாந்து நாட்டு இரணச் சிகிச்சை நிபுணர் கூர்வாசியே 1890 இல் எடுத்துக் காட்டினார். இரண்டாவது வகையில் பித்தப்பை வறண்டிருப்பதால் அது கைக்குத் தட்டுப்படாது. முன்னர்க் கூறிய அணை விதிக்கு இவ்விரண்டும் தக்க சான்றுகள்.

நோய்க்குரிய காரணங்கள்

பெரும்பாலான நோயாளிகளிடத்தில் இன்ன காரணத்தால் நோய் வந்தது என்று சொல்ல இயலுவதில்லை. ஆயினும் பித்த நாளத்தில் நெடுங்காலம் நீடிக்கும் அழற்சியே புற்றுக்கு வழிகோலுகின்றது என்பது பல நாடுகளின் அனுபவத்தால் தெளிவாகியுள்ளது.

இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதி. அங்கு நன்னீர் மீனைப் பச்சையாக உண்ணும் வழக்கம் உள்ளது. மீனிலிருந்து உடலுட் புகும் ஒருவகைத் தட்டைப் புழு பித்த நாளத்தில் தங்கிப் பல ஆண்டுகள் வாழ்கின்றது. உலகிலேயே இப்புற்று மிக மிகுதியாகக் காணப்படும் இடம் அதுவே. இப்புழுவைப் புற்றுக்குக் காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994 இல் அறிவித்தது. கோலார்ப் பகுதியில் மீனைச் சமைத்தே உண்பதால் இக்காரணம் இங்குப் பொருந்தாது. பித்த நாளத்தின் பிறவி விரிவு, கல்லீரலுக்குள் உண்டாகும் கற்கள், நாளங்கள் தாமாகவே தடித்துச் சுருங்கும் ஒருவகை அழற்சி, பி மற்றும் சி வகை வைரசுகளால் வரும் நாட்பட்ட கல்லீரல் நோய் ஆகியவை எங்கும் பொருந்தும் காரணங்களாம்.

மருத்துவமே நோய்க்குக் காரணமான வரலாறும் உண்டு. 1930 முதல் 1950களின் முற்பகுதி வரை எக்ஸ்ரே படம் தெளிவாகத் தெரியும்பொருட்டுத் தோரியம் கலந்த தோரோட்ராஸ்ட் என்னும் திரவம் பல நாடுகளில் நோயாளிகளின் இரத்தக் குழாயில் செலுத்தப்பட்டது. தோரியம் கல்லீரலை விட்டு அகலாது தங்கிக் கதிர் வீசிக்கொண்டே இருந்தமையால், பல ஆண்டுகள் கழித்து அவர்களுள் பலருக்குக் கல்லீரலிலும் பித்த நாளத்திலும் புற்று தோன்றியது.

தொழிலால் விளைந்த பித்த நாளப் புற்று ஜப்பானில் ஒசாகா நகரத்து அச்சகம் ஒன்றில் வெளிப்பட்டது. ஷின்ஜி குமகாய் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 2013 இல் வெளியிட்ட அறிக்கையில், அவ்வச்சகத்தில் பணியாற்றிய 11 பேர் இந்நோய்க்கு ஆளானதைக் கூறினர். அவர்கள் அனைவரும் 25 முதல் 45 வயதிற்கு உட்பட்டவர்கள். காற்றோட்டம் குறைந்த அறையில், அச்சு உருளைகளின் மையைத் துடைப்பதற்கு 1,2-டைகுளோரோபுரோப்பேன் என்னும் கரைப்பானை அவர்கள் நெடுங்காலம் பயன்படுத்தினர். 2014 இல் அப்பொருளும் மனிதருக்குப் புற்றுண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அறுபது வயதில் வரும் நோய் முப்பது வயதில் வந்தமையும், நோயாளிகள் ஒரே இடத்தில் வேலை பார்த்தமையும் கேட்டறியப்படாதிருந்தால் இவ்வுண்மை வெளிவந்திராது. தங்கவயலிலிருந்து நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரின் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்று திரும்பும் இளைஞர் பலர். ஆகவே நோயாளியின் தொழில் யாது என்னும் வினா இங்கும் விடுபடலாகாது.

தங்கவயல் மக்கள் தம் நோய்களுக்கெல்லாம் சுரங்கத்தையும், நகரின் நடுவே குன்றுகளாக நிற்கும் சயனைடு மேடுகளையும் காரணமாகக் கூறுவது இயல்பு. சிலிகா தூசி நுரையீரற் புற்றை உண்டாக்கும் என்பது 1997 இல் உறுதி செய்யப்பட்டது. பித்த நாளப் புற்றைப் பொறுத்தமட்டில் சிலிகாவோ சயனைடோ காரணம் என்று நிறுவப்படவில்லை. இதனை மக்களுக்கு எடுத்துரைக்கும்போது, மேடுகளின் தூசி மூச்சிற்குத் தீங்கு செய்வதையும் மறுத்துவிடாமல் பிரித்துக் கூறுதல் நன்று.

இந்தியாவில் பித்தப்பைப் புற்று கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கிலும் மிகுந்தும், தென்னாட்டில் குறைந்தும் காணப்படுகின்றது. பெங்களூர், சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளும், பின்னர் பிற இடங்களில் ஏற்பட்ட பதிவேடுகளும் இவ்வேறுபாட்டைப் புலப்படுத்தின. நோய் இங்கு அரிது என்பதால் அதன் நினைவும் அரிதாகின்றது. காமாலையைக் கண்டவுடன் புற்றை நினைப்பார் இலர். தாமதத்திற்கு இதுவே முதற் காரணம்.

இருவகைக் காமாலை

மஞ்சட் காமாலை பலவகைப்படும். களப் பணியாளர் இரண்டைப் பிரித்தறிந்தாற் போதும்.

வைரசால் வரும் காமாலையில் முதலில் காய்ச்சல், பசியின்மை, குமட்டல் ஆகியவை தோன்றும். பின்னரே கண் மஞ்சளாகும். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் மஞ்சள் படிப்படியாகக் குறைந்து பசி மீளும்.

அடைப்பினால் வரும் காமாலையில் பித்த நீர் குடலை அடைவதில்லை. ஆதலால் மலம் வெளிறிச் சுண்ணாம்பு அல்லது களிமண் போலாகின்றது. நீரில் கரையும் பிலிருபின் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால் சிறுநீர் கடுந்தேயிலை நிறங் கொள்கின்றது. தோல் முழுவதும் அரிப்பெடுக்கின்றது. இரவில் அது மிகுந்து உறக்கத்தைக் கெடுக்கின்றது. கல்லினால் வரும் அடைப்பில் கடும் வலி முன்னிற்பது வழக்கம். புற்றினால் வரும் அடைப்பிலோ வலியின்றியே மஞ்சள் நாளுக்கு நாள் ஆழமாகின்றது, உடல் மெலிகின்றது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்புற வயிற்று வலி, காமாலை ஆகிய மூன்றும் சேர்ந்து வருமாயின், தேங்கிய பித்த நீரில் கிருமிகள் பெருகியுள்ளன என்று கொள்ளல் வேண்டும். அது அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. ஓர் இரவு தாமதித்தாலும் உயிருக்கு இடர் விளையும்.

காமாலை என்றவுடன் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பதும், பத்தியம் காப்பதும் தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். இம்மூலிகை பி வகை வைரசை அகற்ற உதவுமா என்பது பற்றிச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1988 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அப்பயனை உறுதிப்படுத்தவில்லை. அந்த விவாதம் எவ்வாறாயினும், அது வைரசைப் பற்றியதே. கட்டியால் அடைபட்ட குழாயை எந்த மூலிகையும் திறக்காது. வைரசுக் காமாலை தானே தணிவதால் மருந்தின்மேல் நம்பிக்கை வளர்கின்றது. அந்நம்பிக்கையே அடைப்புக் காமாலை உற்றவரை மாதக் கணக்கில் வீட்டில் இருத்திவிடுகின்றது. வழக்கத்தைப் பழித்துப் பேசுவதால் பயனில்லை. மலத்தின் நிறம் என்ன, அரிப்பு உண்டா என்னும் இரு வினாக்களைக் கேட்டு, ஆம் எனில், மருந்து எதுவாயினும் இவ்வாரமே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவதே பயன் தரும்.

நோயை உறுதி செய்தல்

இரத்தப் பரிசோதனை முதற் படி. பிலிருபினின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது இயல்பு. அது 2 முதல் 3 மில்லிகிராமை எட்டும்போது கண்ணில் மஞ்சள் தெரிகின்றது. அடைப்பில் நீரில் கரையும் வகைப் பிலிருபினும், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதியும் மிகுகின்றன. கல்லீரலின் ஒரு பக்க நாளம் மட்டும் அடைபட்டுள்ளபோது காமாலை இல்லாமலே இந்நொதி உயர்ந்திருக்கும்; இக்குறிப்பைப் பொருட்படுத்தாது விடலாகாது.

இரண்டாம் படி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இது செலவு குறைந்தது. வட்டார மருத்துவமனைகளிலும் கிடைப்பது. நாளங்கள் விரிந்துள்ளனவா, எதுவரை விரிந்துள்ளன, பித்தப்பை விரிந்ததா வறண்டதா, கல் உள்ளதா என்பன இதனால் தெரியும். கட்டியே கண்ணுக்குப் புலப்படாவிடினும், விரிவு எங்கு முடிகின்றது என்பது அடைப்பின் இடத்தைக் காட்டிவிடும்.

அடுத்துச் சி.டி. ஸ்கேனும், பித்த நாளங்களை மட்டும் தனித்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்படுகின்றன. கட்டி எத்துணை தூரம் பரவியுள்ளது, இரத்தக் குழாய்களைத் தொட்டுள்ளதா, அகற்ற இயலுமா என்பவற்றை இவை அறிவிக்கின்றன. அடைப்பை நீக்க ஸ்டென்ட் வைக்கும் முன்னரே இப்படங்களை எடுத்துவிடுதல் முறை. ஸ்டென்ட் வைத்தபின் விரிவு சுருங்கி, அழற்சியும் கூடுவதால் கட்டியின் எல்லை மங்கிவிடுகின்றது.

வாய்வழியாகச் செலுத்தும் எண்டோஸ்கோப்பின் துணையால் நாளத்திலிருந்து திசுவைச் சுரண்டி எடுப்பதும் உண்டு. ஆனால் இக்கட்டி கெட்டியான நார்த்திசு நிறைந்தது; புற்றணுக்கள் அதனுள் சிதறிக் கிடக்கும். ஆகவே சுரண்டலில் புற்றணு இல்லை என்ற முடிவு வந்தாலும் புற்றே இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. சி.ஏ. 19-9 என்னும் இரத்தக் குறியும் அவ்வாறே. கல்லினாலோ கிருமியாலோ அடைப்பு ஏற்பட்டாலும் அது உயரும். மக்களுள் ஒரு சிறு பகுதியினருக்கு அது உடலில் உண்டாவதே இல்லை. தனியொரு சோதனையைக் கொண்டு முடிவு கட்டுதல் இந்நோயில் இயலாது. பல சான்றுகளை ஒருங்கே வைத்து நிபுணர் குழுவினர் முடிவு செய்தல் வேண்டும்.

புற்றைப் போலத் தோன்றும் பிற நோய்களும் உள. ஐஜிஜி4 என்னும் எதிர்ப்புப் புரதத்தோடு தொடர்புடைய அழற்சி, பித்த நாளத்தைச் சுருக்கிப் புற்றைப் போலவே காட்சி தரும். அது ஸ்டீராய்டு மருந்திற்கு இணங்கும். கல்லீரல் வாயிலிலுள்ள நிணநீர்க் கழலைகள் காசநோயால் வீங்கி நாளத்தை நெருக்குவதும் அரிதாக உண்டு. அது காசநோய் மருந்தினால் குணமாகும்.

சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல்

இனித் தங்கவயலுக்கே உரிய செய்தி. 1940 முதல் 1946 வரை கோலார்த் தங்கச் சுரங்கங்களில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்ததில், 43.7 விழுக்காட்டினரிடம் சிலிகோசிஸ் என்னும் கல்தூசி நோய் காணப்பட்டது. இந்தியத் தொழில் மருத்துவ வரலாற்றில் இது ஒரு மைல்கல். தூசியை அடக்கும் முறைகள் பின்னர்த் திருந்தியபோதிலும், பாறையைத் துளையிட்டும் வெடித்தும் உழைத்தவர்களின் நுரையீரலில் தழும்புகள் நிலைத்துவிட்டன. பித்த நாளப் புற்றுக்கு ஆளான ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியிடம் இத்தழும்புகள் மூன்று வகையில் குறுக்கிடுகின்றன.

முதலாவது, புற்று பரவியுள்ளதா என்று அறிய மார்பின் சி.டி. படம் எடுக்கப்படும். சிலிகோசிஸ் நோயில் நுரையீரலின் மேற்பகுதி எங்கும் சிறு உருண்டைகள் தெரியும். மார்பின் நடுவேயுள்ள நிணநீர்க் கழலைகளும் பெருத்திருக்கும். நோயாளியின் தொழிலை அறியாத மருத்துவர் இவற்றைப் பரவிய புற்று என்று கருதிவிடக் கூடும். அவ்வாறு கருதினால், அகற்றத்தக்க கட்டியும் அகற்ற இயலாததாக எண்ணப்பட்டு, குணமாகும் வாய்ப்பே பறிபோகும். பெட் ஸ்கேன் என்னும் சோதனையிலும் இவ்வுருண்டைகள் ஒளிரக்கூடும். இதனைத் தவிர்க்கும் வழி மிக எளியது. சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்திலோ பின்னரோ எடுத்த பழைய மார்பு எக்ஸ்ரே படம் ஒன்று வீட்டில் இருந்தால், அதனை உடன் கொண்டு செல்லல் வேண்டும். பத்து இருபது ஆண்டுகளாக மாறாதிருக்கும் உருண்டை புதிதாகப் பரவிய புற்றாக இருக்க இயலாது. பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் அப்பழம்படம் விலையுயர்ந்த சோதனைகளிலும் மிக்க பயன் தரலாம்.

இரண்டாவது, சிலிகோசிஸ் உற்றோர்க்குக் காசநோய் பிறரைவிட மிகுதியாக வருகின்றது. முன்னர்க் கூறியபடி காசநோய்க் கழலையும் காமாலையை உண்டாக்கலாம். எனவே இவர்களிடத்தில் புற்று என்று துணியும் முன் காசநோயையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, பித்த நாளப் புற்றுக்கான இரணச் சிகிச்சை பல மணி நேரம் நீடிப்பது. மயக்க மருந்தைத் தாங்கும் ஆற்றல் நுரையீரலுக்கு உண்டா என்பதை மூச்சளவுச் சோதனையால் முன்னரே அறிதல் வேண்டும். மூச்சுப் பயிற்சியும், புகை பிடித்தலை அறவே விடுதலும் இவர்களுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

சிகிச்சை முறைகள்

குணமாக்கும் நோக்குடைய சிகிச்சை, கட்டியை முழுதும் வெட்டி அகற்றுவதே. கல்லீரலுக்குள் உள்ள கட்டிக்குக் கல்லீரலின் அப்பகுதி நீக்கப்படும். கல்லீரல் வாயிலில் உள்ளதற்கு, பித்த நாளத்தோடு கல்லீரலின் ஒரு பாதியும் நீக்கப்பட்டு, எஞ்சிய நாளம் சிறுகுடலோடு நேரே இணைக்கப்படும். எஞ்சும் கல்லீரல் போதாது எனத் தோன்றினால், நீக்கப்படும் பகுதிக்குச் செல்லும் சிரையை முன்னரே அடைத்து, மறு பகுதியை வளரச் செய்யும் முறை 1980களில் ஜப்பானில் உருவாயிற்று. கீழ்ப்பகுதிக் கட்டிக்குக் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்த நாளம் ஆகியவை ஒருசேர நீக்கப்படும். 1935 இல் ஆலன் விப்பிள் வெளியிட்டமையால் இது விப்பிள் சிகிச்சை எனப்படுகின்றது. அகற்ற இயலாத சில வாயிற் கட்டிகளுக்கு, கடுமையான தேர்விற்குப் பின், கல்லீரல் மாற்றுச் சிகிச்சையும் செய்யப்படுகின்றது.

வெட்டி அகற்றிய பின் மாத்திரையாகக் கொடுக்கும் கேபசிடபின் என்னும் மருந்து பயன் தரும் என்பதற்கு 2019 இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஆதாரமாயிற்று. அகற்ற இயலாத நிலையில் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துத் தருவது அடிப்படைச் சிகிச்சை. 2010 இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 410 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஜெம்சிடபின் மட்டும் பெற்றோரின் நடுநிலை ஆயுட்காலம் 8.1 மாதமாகவும், இரண்டும் பெற்றோரின் ஆயுட்காலம் 11.7 மாதமாகவும் இருந்தன. அதே ஆண்டில் தில்லி அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார், அகற்ற இயலாத பித்தப்பைப் புற்றுடைய 81 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். துணைச் சிகிச்சை மட்டும் பெற்றோர்க்கு 4.5 மாதமாக இருந்த ஆயுட்காலம், ஜெம்சிடபினும் ஆக்சாலிபிளாட்டினும் பெற்றோர்க்கு 9.5 மாதமாயிற்று.

2022 முதல் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் இவற்றோடு சேர்க்கப்படுகின்றன. சில கட்டிகளின் மரபணுக்களில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் அதனையே தாக்கும் மாத்திரைகளும் 2020 முதல் வந்துள்ளன. இவற்றால் நீடிக்கும் காலம் பெரும்பாலும் மாதங்களே. இவ்வுண்மையை மறைக்காமலும், நம்பிக்கையை அறவே குலைக்காமலும் குடும்பத்தாரிடம் எடுத்துக் கூறுதல் மருத்துவரின் கடமை. வீட்டை அடகு வைக்கும் முன் இதனை அறிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

குணமாக்க இயலாதபோதும் செய்யத்தக்கவை பல. அடைப்பினூடே ஸ்டென்ட் வைத்துப் பித்த நீரை ஓடச் செய்தால் அரிப்பு தணியும், பசி மீளும், உறக்கம் வரும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஏறத்தாழ மூன்று மாதத்தில் அடைபட்டுவிடுவதால் அதனை மாற்ற வேண்டிய நாளைக் குறித்து வைத்தல் வேண்டும். உலோக ஸ்டென்ட் அதனினும் நெடுநாள் நிற்கும். பித்த நீர் குடலை அடையாதபோது வைட்டமின் கே உடலில் சேர்வதில்லை. அதனால் இரத்தம் உறைவது தாமதமாகின்றது. ஈறிலும் தோலிலும் இரத்தக் கசிவு கண்டால் உடனே தெரிவித்தல் வேண்டும். வலிக்கு மார்பின் மருந்து தருவது கைவிட்டதன் அடையாளமன்று, அது சிகிச்சையே.

களப் பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

சுரங்கம் நடந்த காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சுரங்க மருத்துவமனை அருகிலேயே இருந்தது. சுரங்கம் மூடிய பின் அவ்வசதி மறைந்தது. இன்று ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம், சாம்பியன் ரீப்ஸ் பகுதி மக்கள் பெருஞ் சிகிச்சைக்குக் கோலார் நகருக்கோ, பெங்களூருக்கோ, வேலூருக்கோ செல்லுகின்றனர். பெங்களூரில் 1973 இல் ஏற்பட்ட கிட்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் கர்நாடக அரசின் தலையாய புற்றுநோய் மருத்துவமனை. வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளது. வறியோர்க்குரிய அரசின் காப்பீட்டு உதவியைப் பெறுவதற்குக் குடும்ப அட்டையும், அரசு மருத்துவமனையின் பரிந்துரைச் சீட்டும் தேவைப்படலாம். இவற்றை முன்னரே திரட்டிக் கொடுத்தல் களப் பணியாளரால் இயலும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை:

1. நாற்பது வயதிற்கு மேற்பட்ட ஒருவருக்குக் காமாலை கண்டால் இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் அதே வாரத்தில் செய்விக்க வேண்டும்.

2. வெளிறிய மலம், கடுநிறச் சிறுநீர், அரிப்பு ஆகிய மூன்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நோயாளி தாமாகச் சொல்ல நாணுவார்.

3. குளிர் நடுக்கக் காய்ச்சல் சேர்ந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

4. நோயாளி செய்த வேலை, இடம், ஆண்டுகள், கையாண்ட பொருள்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்ப வேண்டும். பழைய எக்ஸ்ரே படம், காசநோய்ச் சீட்டு ஆகியவற்றை உடன் வைக்க வேண்டும்.

5. குழந்தைகளுக்குப் பி வகைக் கல்லீரல் அழற்சிக்கான தடுப்பூசி தவறாது போடப்பட வேண்டும். வருங்காலத்தில் கல்லீரற் புற்றையும், ஓரளவு பித்த நாளப் புற்றையும் குறைக்க இது ஒரு வழி.

வகுப்பிற்குரிய பயிற்சி: ஒய் என்னும் எழுத்தின் வடிவில் மூன்று ரப்பர்க் குழாய்களை இணைத்து, மேலிரு கிளைகளின் வழியே மஞ்சள் கரைத்த நீரை ஊற்றுக. முதலில் ஒரு கிளையை மட்டும், பின்னர்ச் சந்திப்பை, அதன்பின் கீழ்க் குழாயைக் கிடுக்கியால் அடைத்து, ஒவ்வொரு முறையும் நீர் எங்குத் தேங்குகின்றது, எங்கு வறள்கின்றது என்பதை மாணவர் குறித்துக்கொள்ளட்டும். ஒரு கிளை மட்டும் அடைபட்டால் காமாலை ஏன் உடனே வருவதில்லை என்பதையும், மலம் ஏன் வெளிறுகின்றது என்பதையும் அவர்களே விளக்கட்டும். அன்று மாலை வீட்டிற்குச் சென்று, தாத்தாவின் பழைய எக்ஸ்ரே படம் எங்கே உள்ளது என்று கேட்டு, அதனை ஈரம் படாத இடத்தில் எடுத்து வைக்கும்படியும் சொல்லலாம்.